உங்க வீட்ல துப்பாக்கி இருக்கா? பூட்டி வெச்சிருக்கீங்களா?

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கித் திருத்தப்பட்டிருக்கிறது.)

வழக்கமா இங்க ஏதாவது ஒரு டெக் விஷயம் பேசுவோம். இன்னைக்கும் பூட்டு, பாஸ்வேர்ட், டிஃபால்ட் செட்டிங் எல்லாம் வரும், ஆனா விஷயம் வேற. அமெரிக்காவுல குழந்தைங்க இருக்கற வீட்ல துப்பாக்கியை எப்படி வைக்கணும்ங்கறதைப் பத்திப் பேசப் போறேன். "நம்மகிட்ட துப்பாக்கியே கிடையாது, இது எதுக்கு நமக்கு"ன்னு நினைக்கறவங்க தயவுசெஞ்சு ஸ்கிப் பண்ணாதீங்க. முக்கியமா உங்களுக்காகத்தான் இந்த எபிசோட்.

நான் ஆஸ்டின்ல இருக்கேன். என் அக்கா டல்லாஸ் பக்கத்துல இருக்கா. அவ பையனுக்கு எட்டு வயசு. கொஞ்ச நாள் முன்னாடி கூடப் படிக்கற பையன் வீட்ல பர்த்டே ஸ்லீப்ஓவர். போயிட்டு வந்து கேக் நல்லா இருந்துச்சு, கேம் விளையாடினோம்னு எல்லாம் சொன்னான். ஒரு வாரம் கழிச்சு நான் அங்க போயிருந்தப்போ, கார்ல பின் சீட்ல உக்காந்துட்டு சாதாரணமா கேக்கறான்: "மாமா, நீங்க நிஜத் துப்பாக்கி பார்த்திருக்கீங்களா? நான் பார்த்தேன். ரொம்ப வெயிட்டு."

வெயிட்டுன்னு சொன்னானே, அதுலதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. பார்த்தா வெயிட் தெரியாது. கையில எடுத்தாத்தான் தெரியும்.

விசாரிச்சா, அந்தப் பையனோட அப்பா கட்டில் பக்கத்து மேஜை டிராயர்ல வெச்சிருக்கார். பர்த்டே பையன் கூட்டிட்டுப் போய் எடுத்துக் காமிச்சிருக்கான். ரெண்டு பேரும் மாத்தி மாத்தித் தூக்கிப் பார்த்துட்டுத் திரும்ப வெச்சுட்டாங்க. ஒண்ணும் ஆகலை. அன்னைக்கு ராத்திரி அக்கா தூங்கலை. என்கிட்ட சொன்னா: "டேய், நான் எல்லாத்தையும் கேட்டேன்டா. நட்ஸ் அலர்ஜின்னு சொன்னேன். வெஜ் பீட்சா மட்டும் குடுங்கன்னு சொன்னேன். வீட்ல நீச்சல் குளம் இருக்கா, நாய் இருக்கான்னு கேட்டேன். இதைக் கேக்கணும்னு எனக்குத் தோணவே இல்லை பாரு."

அவளுக்கு மட்டும் இல்லை, எனக்கும் தோணியிருக்காது. நாம வளர்ந்த ஊர்ல துப்பாக்கின்னா போலீஸ்கிட்ட இருக்கும், பேங்க் வாசல்ல செக்யூரிட்டிகிட்ட இருக்கும், சினிமாவுல இருக்கும். பக்கத்து வீட்டு டிராயர்ல இருக்கும்னு நாம யோசிச்சுப் பழகினதே இல்லை. கிணத்துக்கு மூடி போட்டிருக்கா, கேஸ் ஆஃப் பண்ணியாச்சா, பூச்சிமருந்து எங்க இருக்குன்னு பார்க்கற கண்ணு நமக்கு இருக்கு. இதுக்கு அந்தக் கண்ணு இன்னும் வரலை.

இங்க நிலவரம் என்னன்னு பார்ப்போம். 2020-இல் அமெரிக்காவில் 1 முதல் 19 வயது வரை உள்ளவர்களின் மரணத்துக்கு முதல் காரணமாகத் துப்பாக்கி ஆனது. அதுவரைக்கும் பல வருஷமா வாகன விபத்துதான் முதல் இடத்துல இருந்துச்சு. இந்தக் கணக்குல கொலை, தற்கொலை, தவறுதலா சுட்டுக்கறது மூணும் சேர்ந்திருக்கு. 2021-இல் எடுத்த ஒரு தேசிய அளவிலான ஆய்வுப்படி, துப்பாக்கி இருக்கிற வீடுகளில் வாழும் குழந்தைகள் சுமார் 3 கோடி. அதில் 46 லட்சம் குழந்தைகளின் வீட்டில் குறைந்தது ஒரு துப்பாக்கி தோட்டா போட்டு, பூட்டாம இருக்கு.

எச்1பி மாதிரி விசாவுல இருக்கறவங்க, வேட்டை லைசென்ஸ் போன்ற சில விதிவிலக்கு தவிர, ஃபெடரல் சட்டப்படி துப்பாக்கி வெச்சுக்க முடியாது. அதனால நம்ம ஆளுங்க நிறைய பேர் வீட்ல இருக்காது. ஆனா கிரீன் கார்டு வந்ததும் வாங்கலாம், வாங்கின தமிழ்க் குடும்பங்களும் உண்டு. அதைவிட முக்கியம், நம்ம பிள்ளைங்க நம்ம வீட்ல மட்டும் வளரலை. எதிர் வீட்ல, ஃப்ரெண்ட் வீட்ல, ஸ்லீப்ஓவர்ல எல்லாம் வளருது.

சரி. இதைப் பத்திப் பேச ஆரம்பிச்சா பெத்தவங்க ரெண்டு பதில் சொல்லுவாங்க. முதல் பதில்: "என் பையன் தொட மாட்டான், நான் சொல்லி வெச்சிருக்கேன்."

2001-இல் பீடியாட்ரிக்ஸ் என்ற மருத்துவ இதழில் வந்த ஒரு ஆய்வைப் பத்திச் சொல்றேன். அட்லாண்டாவுல பண்ணினது. 8 முதல் 12 வயதுள்ள 64 பையன்களை, ரெண்டு மூணு பேரா 29 குழுக்களாப் பிரிச்சு, ஒவ்வொரு குழுவையும் 15 நிமிஷம் ஒரு ரூம்ல விட்டாங்க. ஒருபக்கம் மட்டும் தெரியற கண்ணாடிக்குப் பின்னாடி ஆராய்ச்சியாளர்கள். டிராயர்ல ரெண்டு தண்ணித் துப்பாக்கி, இன்னொரு டிராயர்ல ஒரு நிஜக் கைத்துப்பாக்கி. தோட்டா கிடையாது. ட்ரிகரை அழுத்தினா இவங்களுக்குத் தெரியற மாதிரி உள்ள ஒரு கருவி வெச்சிருந்தாங்க.

29 குழுவுல 21 குழு நிஜத் துப்பாக்கியைக் கண்டுபிடிச்சுது. அந்த 21-ல 16 குழு கையில எடுத்துது. 10 குழுவுல யாராவது ஒருத்தராவது ட்ரிகரை அழுத்திட்டாங்க. கண்டுபிடிச்ச பையன்கள்ல பாதிப் பேர் அது பொம்மைன்னு நினைச்சாங்க, இல்லைன்னா நிஜமா பொம்மையான்னு சந்தேகத்துல இருந்தாங்க. இன்னொரு விஷயத்தைக் கவனிங்க. கையில எடுத்த, ட்ரிகர் அழுத்தின பையன்கள்ல 90 சதவீதத்துக்கு மேல, "துப்பாக்கியைப் பார்த்தா என்ன செய்யணும்னு எனக்கு ஏற்கெனவே சொல்லிக் குடுத்திருக்காங்க"ன்னு சொன்னவங்க.

சொல்லிக் குடுக்க வேண்டாம்னு நான் சொல்லலை. நில்லு, தொடாதே, அங்கிருந்து ஓடு, பெரியவங்ககிட்ட சொல்லுன்னு இங்க 1988-ல இருந்தே குழந்தைகளுக்குக் கத்துக் குடுக்கறாங்க. நீங்களும் கத்துக் குடுங்க. ஆனா எட்டு வயசுப் பையனோட சுயக்கட்டுப்பாட்டை உங்க வீட்டுப் பூட்டா நினைக்காதீங்க. நம்ம வேலையில, யூசர் ஒழுங்கா நடந்துப்பார்னு நம்பி யாராவது சிஸ்டம் டிசைன் பண்ணுவோமா?

இன்னும் சின்னக் குழந்தைன்னா விசையை அழுத்த பலம் இருக்காதுன்னு நினைப்போம். 2014 டிசம்பர்ல ஐடஹோ மாநிலத்துல ஹேடன்ங்கற ஊர்ல, ஒரு கடைக்குள்ள, ரெண்டு வயசுக் குழந்தை அம்மாவோட ஹேண்ட்பேக்ல இருந்த துப்பாக்கியை எடுத்துச் சுட்டுது. அம்மா இறந்துட்டாங்க. அந்தப் பையில துப்பாக்கிக்குன்னே தனியா ஜிப் வெச்ச அறை இருந்துச்சு. ஜிப் ஒரு பூட்டு இல்லை.

ரெண்டாவது பதில்: "எங்க வெச்சிருக்கோம்னு பிள்ளைங்களுக்குத் தெரியாது."

இதைக் கேட்டா எனக்கு எங்க அம்மா ஞாபகம்தான் வரும். தீபாவளிக்கு ஒரு வாரம் முன்னாடியே முறுக்கு, அதிரசம் எல்லாம் சுட்டு, பெரிய தூக்குவாளியில போட்டு, பரண் மேல பழைய பாய்க்குப் பின்னாடி ஒளிச்சு வைப்பாங்க. தீபாவளி அன்னைக்கு இறக்கினா பாதிதான் இருக்கும். அம்மா ஒளிச்ச இடம் எங்களுக்குத் தெரியாதுன்னு அம்மா மட்டும்தான் நம்பிட்டு இருந்தாங்க.

துப்பாக்கி விஷயத்துலயும் இதேதான். அலபாமாவின் கிராமப்புறத்தில் நடத்தி 2006-இல் வெளியான ஓர் ஆய்வு. துப்பாக்கி இருக்கற வீட்டுப் பெத்தவங்களையும் பிள்ளைகளையும் தனித்தனியாக் கேட்டாங்க. "எங்க இருக்குன்னு என் பிள்ளைக்குத் தெரியாது"ன்னு சொன்ன பெத்தவங்கள்ல 39 சதவீதம் பேரோட பிள்ளைங்க, "எனக்குத் தெரியும்"னு சொன்னாங்க. "அவன் அதைத் தொட்டதே இல்லை"ன்னு சொன்னவங்கள்ல 22 சதவீதம் பேரோட பிள்ளைங்க, "நான் எடுத்திருக்கேன்"னு சொன்னாங்க. ஒளிச்சு வைக்கறது பாதுகாப்பு ஆகாதுன்னு நம்ம துறையில முதல் வருஷமே படிக்கறோம். வீட்டுக்கும் அது பொருந்தும்.

அப்போ எப்படித்தான் வைக்கணும்? அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அமைப்பு சொல்றது ரொம்ப எளிமையானது. குழந்தைங்க இருக்கற வீட்ல துப்பாக்கி இல்லாம இருக்கறதுதான் அதிகப் பாதுகாப்பு. வெச்சுக்கறதா இருந்தா, தோட்டாவை வெளிய எடுத்துடணும், துப்பாக்கியைப் பூட்டணும், தோட்டாவைத் தனியா வேற இடத்துல பூட்டணும். 2005-இல் ஜாமா இதழில் வந்த ஆய்வு, பிள்ளைங்க துப்பாக்கியால தன்னையே சுட்டுக்கிட்ட, தவறுதலா சுட்ட சம்பவங்களை எடுத்து, அப்படி எதுவும் நடக்காத துப்பாக்கி வீடுகளோட ஒப்பிட்டுது. துப்பாக்கியைப் பூட்டறது, தோட்டா போடாம வைக்கறது, தோட்டாவைப் பூட்டறது, தோட்டாவைத் தனியா வைக்கறது, இந்த நாலுல ஒவ்வொண்ணும் தனித்தனியாவே ஆபத்து குறைவா இருக்கறதோட சேர்ந்து வந்துச்சு. ஒரு அடுக்கு உடைஞ்சாலும் அடுத்தது தாங்கும்.

பூட்டுல சில வகை இருக்கு. கேபிள் லாக்னா, பிளாஸ்டிக் உறை போட்ட கம்பி. துப்பாக்கிக்குள்ள நுழைச்சுப் பூட்டினா தோட்டா உள்ள ஏறாது. இது பல ஊர்ல போலீஸ் ஸ்டேஷன்லயே இலவசமாத் தர்றாங்க. ட்ரிகர் லாக்னா விசையை மூடிப் பிடிச்சுக்கும். தோட்டா போட்ட துப்பாக்கியில அதை மாட்டக் கூடாது, மாட்டும்போதே விசை அழுந்தலாம். அப்புறம் கோட் போட்டுத் திறக்கற சின்ன இரும்புப் பெட்டி, பெரிய சேஃப்.

ஆனா பூட்டு வாங்கிட்டாலே வேலை முடிஞ்சுதுன்னு நினைக்காதீங்க. 2018 ஜனவரியில், கனெக்டிகட் மாநிலத்தில் கில்ஃபர்ட் என்ற ஊரில், ஈதன் சாங் என்ற 15 வயதுப் பையன் ஃப்ரெண்ட் வீட்ல துப்பாக்கி வெடிச்சு இறந்துட்டான். ஃப்ரெண்டோட அப்பா வெச்சிருந்த துப்பாக்கி. அதுல பூட்டு போட்டிருந்துச்சு. ஆனா சாவியும் தோட்டாவும் அதே பிளாஸ்டிக் டப்பாவுல இருந்துச்சு. பாஸ்வேர்டை மானிட்டர்ல ஒட்டி வைக்கறதைக் கிண்டல் பண்ணுவோம் இல்லையா, அதேதான் இது. துப்பாக்கியில தோட்டா போட்டிருந்தாத்தான் பூட்டணும்னு அப்போ அந்த மாநிலத்துச் சட்டம் இருந்துச்சு. ஈதனோட அப்பா அம்மா போராடி 2019-இல் அதை மாத்தினாங்க. இப்ப அதுக்கு ஈதன் சட்டம்னே பேர்.

கைரேகைப் பெட்டி வாங்கிட்டேன், கவலை இல்லைன்னு சொல்றவங்களுக்கும் ஒண்ணு. 2023 அக்டோபரில் அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம், ஒரு நிறுவனத்தின் சுமார் 61,000 கைரேகைப் பெட்டிகளைத் திரும்பப் பெறுவதாக அறிவிச்சுது. காரணம் என்ன தெரியுமா? ஓனர் தன் கைரேகையைச் சரியாப் பதிவு பண்ணிட்டதா நினைச்சுப்பார். ஆனா பெட்டி டிஃபால்ட் நிலையிலேயே இருக்கும். அந்த நிலையில யார் விரலை வெச்சாலும் திறக்கும். அந்தப் பெட்டியில இருந்து எடுத்த துப்பாக்கியால 12 வயசுப் பையன் ஒருத்தன் இறந்ததா வழக்கும் போட்டிருந்தாங்க. டிஃபால்ட் நிலைன்னா மூடியிருக்கணும். அதைத் திறந்து வெச்சு டிசைன் பண்ணினவங்க நம்மளை மாதிரி இன்ஜினியர்கள்தான். அதுக்கு முன்னாடி, 2012 டெஃப்கான் மாநாட்டுல, சில சின்னப் பெட்டிகளை ரெண்டு மூணு அங்குலம் தூக்கிக் கீழ போட்டாலே திறந்துக்கறதைக் காமிச்சாங்க. அதனால பெட்டி வாங்கினா, உங்க விரல் தவிர வீட்ல இருக்கற மத்தவங்க விரலையும் வெச்சுப் பாருங்க. மூடிட்டு ஆட்டிப் பாருங்க. கோட்ல பிறந்த நாள் போடாதீங்க. உங்க பிறந்த நாளுக்கு கேக் வெட்டற பிள்ளைக்கு அது தெரியாதா?

"ராத்திரி திருடன் வந்தா பூட்டைத் தேடிட்டு இருப்பேனா?"ன்னு கேக்கறவங்க இருக்காங்க. அது நியாயமான கேள்விதான். அதுக்காகவே பட்டன் அழுத்தினா சில விநாடியில திறக்கற பெட்டிகள் இருக்கு. கட்டில் பக்கத்துலயே திருகாணி போட்டுப் பொருத்தலாம். பூட்டாத டிராயருக்கும் அதுக்கும் இடையில நீங்க இழக்கறது சில விநாடிதான். அந்தச் சில விநாடி உங்க பிள்ளையைக் காப்பாத்தும்.

அடுத்தது நாம பேசத் தயங்கற விஷயம். பெரிய பிள்ளைங்க. பதின்வயசுப் பிள்ளை ட்ரிகரைத் தவறுதலா அழுத்த மாட்டான், அவனுக்கு எல்லாம் தெரியும்னு நினைச்சுப் பூட்டைத் தளர்த்திடறாங்க. சொல்லப்போனா அந்த வயசுலதான் பூட்டு இன்னும் அவசியம். பரீட்சை, காதல், ஸ்கூல்ல கேலி, வீட்ல ஒரு சண்டைன்னு ஏதோ ஒரு நாள் பிள்ளை உடைஞ்சு போகலாம். அந்த எண்ணம் பல நேரம் கொஞ்ச நேரத்துல தணிஞ்சுடும். ஆனா துப்பாக்கியால நடக்கற தற்கொலை முயற்சியில பத்துக்கு ஒன்பது பேர் கிட்டத்தட்ட பிழைக்கறதில்லை. இதுல பிள்ளைங்க கையில கிடைக்கறது பெரும்பாலும் சொந்த வீட்டுத் துப்பாக்கிதான். அந்த நேரத்தைத் தாண்ட வைக்கறது பூட்டோட வேலை. பிள்ளை மனசு சரியில்லைன்னு சந்தேகம் வந்தாலே, துப்பாக்கியைக் கொஞ்ச நாள் வீட்டை விட்டே வெளிய வைங்க. சில ஊர்ல துப்பாக்கிக் கடைகளும் போலீசும் வாங்கி வெச்சுக்கறாங்க. உங்க மாநிலத்து விதியைக் கேட்டுக்கோங்க. பிள்ளைகிட்ட உக்காந்து நேரடியாப் பேசுங்க. அமெரிக்காவுல 988-க்கு எந்த நேரமும் போன் பண்ணலாம், மெசேஜும் அனுப்பலாம். இதைக் கேட்டுட்டு இருக்கற உங்களுக்கே தேவைன்னாலும் தயங்காதீங்க.

சட்டம் பத்தி ரெண்டே வரி. 2005 ஃபெடரல் சட்டப்படி, லைசென்ஸ் உள்ள கடைக்காரர் கைத்துப்பாக்கி விக்கும்போது ஒரு பூட்டோ பாதுகாப்புச் சாதனமோ சேர்த்துத் தரணும். ஆனா வீட்ல அதை மாட்டியே ஆகணும்னு ஃபெடரல் சட்டம் எதுவும் இல்லை. அது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். ஃப்ளோரிடாவுல 1989-லயே சட்டம் வந்துடுச்சு. இங்க டெக்சஸ்ல, சுடத் தயாரா இருக்கற துப்பாக்கியை 17 வயசுக்குக் கீழ உள்ள பிள்ளை கைக்கு எட்டற மாதிரி அஜாக்கிரதையா விட்டு, அது பிள்ளை கைக்குப் போனா குற்றம். மிச்சிகன்ல ஆக்ஸ்ஃபர்ட் ஹைஸ்கூல்ல 2021 நவம்பர் 30 அன்னைக்கு 15 வயசுப் பையன் நாலு மாணவர்களைச் சுட்டுக் கொன்னான். துப்பாக்கி, நாலு நாள் முன்னாடி அவன் அப்பா வாங்கினது. 2024-இல் அப்பா, அம்மா ரெண்டு பேருக்கும் 10 முதல் 15 வருஷம் சிறைத் தண்டனை கிடைச்சுது. அந்த வருஷம் பிப்ரவரியில மிச்சிகன்லயும் துப்பாக்கியைப் பூட்டி வைக்கணும்ங்கற சட்டம் நடைமுறைக்கு வந்துச்சு.

கடைசியா, நம்மகிட்ட துப்பாக்கி இல்லைன்னா நாம செய்ய வேண்டியது என்ன? கேக்கணும். அவ்வளவுதான். ஆனா அதுதான் கஷ்டம். "அவங்க வீட்டு விஷயம், நாம எப்படிக் கேக்கறது, தப்பா நினைச்சுக்கிட்டா?"ன்னு நமக்கு நாக்கு வராது. இங்க குழந்தை மருத்துவர்கள் சேர்ந்து நடத்தற ஒரு இயக்கமே இருக்கு, ஒவ்வொரு வருஷமும் ஜூன் 21 அன்னைக்கு, லீவுல பிள்ளைங்க வெளிய விளையாடப் போற சமயத்துல, இந்தக் கேள்வியைக் கேளுங்கன்னு நினைவுபடுத்தறாங்க.

தனியா எடுத்துக் கேட்டா விசாரணை மாதிரி இருக்கும். அதனால மத்த கேள்வியோட சேர்த்துடுங்க. மெசேஜ்ல கூட அனுப்பலாம்: "அவனுக்கு நட்ஸ் அலர்ஜி இருக்கு. உங்க வீட்ல நாய் இருக்கா? அவன் எதையும் நோண்டற பையன், அதனால எல்லார்கிட்டயும் கேக்கறேன், துப்பாக்கி இருந்தா பூட்டி வெச்சிருக்கீங்களா?" எல்லார்கிட்டயும் கேக்கறேன்ங்கறது முக்கியம். அதுல யாருக்கும் அவமானம் இல்லை. பதில் திருப்தியா இல்லைன்னா சண்டை வேண்டாம், "இந்தத் தடவை பசங்க எங்க வீட்ல விளையாடட்டுமே"ன்னு சொல்லிடுங்க. தமிழ் வீடுன்னா கேக்க வேண்டாம்னு விட்டுடாதீங்க. "அண்ணா, தப்பா நினைக்காதீங்க"ன்னு ஆரம்பிச்சுக் கேட்டுடுங்க. ஊர்ல இருந்து வந்து ஆறு மாசம் பேரப் பிள்ளைங்களைப் பார்த்துக்கற தாத்தா பாட்டிக்கும் சொல்லி வைங்க. பக்கத்து வீட்டுக்கு விளையாட அனுப்பறது பல நேரம் அவங்கதான். கார்லயும் ஹேண்ட்பேக்லயும் துப்பாக்கி இருக்கலாம்னு அவங்களுக்கு யார் சொல்லியிருப்பாங்க?

அக்கா என்ன பண்ணினான்னு சொல்லிட்டு முடிச்சுக்கறேன். ரெண்டு நாள் யோசிச்சுட்டு அந்தப் பையனோட அம்மாவுக்குப் போன் பண்ணினா. பசங்க டிராயரைத் திறந்ததைச் சொன்னா. அந்தப் பக்கம் ரொம்ப நேரம் சத்தமே இல்லை. அப்புறம் அவங்க சொன்னாங்களாம், "என் கணவர் அதை அலமாரியில பூட்டி வெச்சிருக்கார்னுதான் நான் இவ்வளவு நாளா நினைச்சுட்டு இருந்தேன்." அதே வீட்ல இருக்கற அவங்களுக்கே தெரியலை.

ரெண்டு நாள் கழிச்சு அக்காவுக்கு ஒரு போட்டோ வந்துச்சு. சின்ன இரும்புப் பெட்டி, சுவத்தோட சேர்த்துத் திருகி இருக்கு. அக்கா தேங்க்ஸ் சொல்லிட்டு, அடுத்த மெசேஜ் அனுப்பினா: "சாவி எங்க வெச்சிருக்கீங்க?"

எங்கேன்னு அவங்க சொல்லலை. "பசங்களுக்கு எட்டாத இடம், என்கிட்டயும் அவர்கிட்டயும் மட்டும் இருக்கு"ன்னு பதில் வந்துச்சு. அதுதான் சரியான பதில்னு அக்கா சொன்னா.

இந்த வாரம் உங்க பிள்ளை எந்த வீட்டுக்கு விளையாடப் போகுதோ, அந்த வீட்டுக்கு ஒரே ஒரு மெசேஜ் அனுப்புங்க. என்ன பதில் வந்துச்சுன்னு எனக்கும் எழுதுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.